கதை இடிக்கும் இடம்

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



‘எந்திரன்’ படத்தின் கடைசிக் காட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆண்டு 2030. ஓர் அருங்காட்சியகத்தில் சிட்டி என்ற ரோபோ பகுதி பகுதியாகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது. பார்க்க வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, இதை ஏன் கழற்றிவிட்டார்கள் என்று கேட்கிறாள். சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று பதில் வருகிறது. படம் முடிகிறது. இது 2010 அக்டோபர் 1 அன்று வெளியான படம்.

எட்டு ஆண்டு கழித்து, 2018 நவம்பர் 29 அன்று ‘2.0’ வந்தது. அதில் சிட்டியைச் செய்த விஞ்ஞானி வசீகரன் அதே சிட்டியைத் திரும்பப் பூட்டி எழுப்புகிறார். சிட்டி, பட்சிராஜன் என்ற எதிரியோடு மோதிச் சென்னையைக் காப்பாற்றுகிறது. அப்படியென்றால் 2030-இல் அது எப்படி மறுபடியும் கழன்று கிடக்கிறது? அந்தச் சிறுமிக்குக் கிடைத்த பதிலில் பட்சிராஜன் விவகாரம் ஏன் தலைகாட்டவே இல்லை?

தியேட்டரை விட்டு வெளியே வரும்போது யாராவது ஒரு தம்பி, “எங்கேயோ இடிக்குதே அண்ணே” என்பான். உடனே கூட வந்தவர்கள், “படம்னா அப்படித்தான்டா, பார்த்தோமா ரசிச்சோமான்னு இரு” என்று அவன் வாயை அடைத்துவிடுவார்கள். நான் இன்று மலையேறி வந்திருப்பது அந்தத் தம்பிக்காகப் பேசத்தான். இடிக்கிறது என்று சொல்பவன் கதையை வெறுப்பவன் என்று நினைத்துவிடுகிறோம். வெறுப்பவன் பாதியில் எழுந்து போய்விடுவான். எட்டு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு படங்களை ஒன்றாக மனத்தில் வைத்துக்கொண்டு, முதல் படத்தின் கடைசி நிமிடத்தோடு இரண்டாவது படம் ஒட்டவில்லை என்று கண்டுபிடிப்பவன் அந்தக் கதையை உயிராய் நினைப்பவன்.

அடுத்தது, அந்த இடத்தை எப்படிச் சரிசெய்வது என்ற கேள்வி. இதைத்தான் இன்றைய பிள்ளைகள் ஃபேன் தியரி என்கிறார்கள். சிட்டி விஷயத்தில் இரண்டு வழி எனக்குத் தெரிகிறது. ஒன்று, அருங்காட்சியகத்தில் இருப்பது உண்மையான சிட்டி இல்லை என்பது. முதல் படத்தில் கெட்டுப்போன சிட்டி தன்னைப் போலவே ஒரு பட்டாளத்தைச் செய்துகொள்கிறதே, அந்த நகல்களில் ஒன்றைத்தான் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, முதல் படத்தில் சிட்டியைக் கழற்றச் சொன்னது நீதிமன்றம். ‘2.0’-இல் அதைப் பூட்டியது ஆபத்துக் காலத்து ஏற்பாடு. ஆபத்து நீங்கியதும் பழைய தீர்ப்பு மறுபடி உயிர்பெற்று, சிட்டி திரும்பவும் கழற்றப்பட்டது.

இரண்டுமே படத்துக்குள் கிடக்கும் பொருளை எடுத்துக் கட்டியவை. அதனால் இரண்டையும் மதிக்கிறேன். ஆனாலும் இரண்டாவதே பலமானது என்பது என் கருத்து. தீர்ப்பை நாம் திரையில் பார்த்திருக்கிறோம். அது ரத்தானதாக எங்கும் பார்க்கவில்லை. முதல் தியரியில், ஒரு நகல் எப்படிச் சிட்டியின் இடத்தில் நின்று சிட்டிக்காகப் பதில் சொல்கிறது என்ற புதுச் சிக்கல் முளைக்கிறது. ஓர் ஓட்டையை அடைக்கப் போய் இன்னோர் ஓட்டை போடும் தியரி அந்த அளவுக்குப் பலவீனம்தான்.

இதற்கெல்லாம் வெளியே ஒரு பதிலும் இருக்கிறது. ‘எந்திரன்’ வசனத்தில் பங்கேற்ற எழுத்தாளர் சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். ‘2.0’ வசனத்தில் இயக்குநர் ஷங்கரோடு பணியாற்றியவர் ஜெயமோகன். முதல் படத்தின் முடிவை எழுதியபோது இரண்டாவது படம் யார் கண்ணிலும் இல்லை. இது உண்மைதான். ஆனால் இந்த உண்மையைச் சொன்ன மறுகணம் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள், “எழுதியவர் மறந்துவிட்டார்” என்ற பதிலைக் கடைசிவரை தொடமாட்டோம் என்று தங்களுக்குள் விதி வைத்துக்கொண்டார்கள். 1911-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை இப்படி ஆராய்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை படித்தார். டாக்டர் வாட்சனுக்கு ஆப்கானியப் போரில் குண்டடி பட்டது முதல் நாவலில் தோளில். இரண்டாவது நாவலில் காலில். அது எழுதியவர் கானன் டாயில் கவனிக்காமல் விட்டது. நூறு ஆண்டுக்கு மேலாக வாசகர்கள் அந்த இரண்டு காயங்களையும் ஒரே உடம்பில் பொருத்திவைக்க மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மல்லுக்கட்டும்போது அந்தப் போரைப் படிக்கிறார்கள், அந்தக் காலத்துத் துப்பாக்கியைப் படிக்கிறார்கள், மருத்துவம் படிக்கிறார்கள்.

நம் சுஜாதாவின் ஜீனோ கதைகளுக்கு வருகிறேன். ‘என் இனிய இயந்திரா’, அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’, இரண்டும் 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தவை. எதிர்கால இந்தியா, எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், ஆள்பவர் ஜீவா, நிலா என்ற பெண், ஜீனோ என்ற இயந்திர நாய். கதை நடக்கும் 2021, 2022 ஆண்டுகள் இப்போது கடந்துபோய்விட்டதால், “சொன்னது எதுவும் நடக்கவில்லையே, கதை தப்பாயிற்றே” என்று சிலர் பேசுகிறார்கள். அது ஓட்டையே இல்லை. கதைக்குள் ஒன்றோடொன்று பொருந்தாததுதான் ஓட்டை. நாட்காட்டியோடு பொருந்தாதது வேறு கணக்கு.

நியாயமான கேள்வி ஒன்று அதில் உண்டு. செல்லப் பிராணியாகச் செய்யப்பட்ட ஓர் இயந்திர நாய், தன்னைச் செய்தவர்களையும் ஆள்பவர்களையும் மிஞ்சி யோசிக்கும் அளவுக்கு எப்படி வளர்ந்தது? கதைக்குள்ளேயே தேடினால் ஒரு விடை தட்டுப்படுகிறது. ஜீனோ புத்தகம் படிக்கிற நாய். அதன் அறிவு தொழிற்சாலையில் வைத்த அளவில் நிற்கவில்லை, படிக்கப் படிக்க ஊறியது என்று கொண்டால் இரண்டு நாவல்களும் கச்சிதமாக உட்காருகின்றன. இன்று நாம் கையில் வைத்திருக்கும் செயற்கை நுண்ணறிவும் மனிதர் எழுதிய எழுத்தைப் படித்துத்தான் வளர்கிறது என்பதை நினைத்தால், அந்த விடை இன்னும் கனக்கிறது.

அடைக்காமல் விட்டால் நன்றாக இருக்கும் ஓட்டைகளும் உண்டு. 1977-இல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் ஸோலோ தன் விண்கலத்தின் பெருமையைப் பேசும்போது, கெஸல் பாதையைப் பன்னிரண்டு பார்செக்குக்குள் கடந்தது என்கிறான். பார்செக் தூரத்தின் அளவு, 3.26 ஒளியாண்டு. வேகத்தைப் பற்றிப் பேசுகிறவன் தூரத்தைச் சொல்கிறானே என்று ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு சமாதானமும் பிறந்தது: அந்தப் பாதையின் ஓரத்தில் கருந்துளைகள் இருக்கின்றன, துணிச்சலாக அவற்றை ஒட்டிப் போனவனுக்குப் பாதை குறுகும், எனவே குறைந்த தூரம் என்பதே பெருமைதான். 2018-இல் வந்த ‘ஸோலோ’ படம் அதே போக்கில் அந்தப் பயணத்தைக் காட்டியும்விட்டது.

கெட்டிக்காரத்தனமான தியரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய திரைக்கதையிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஸோலோ சொல்வது அப்பட்டமான புளுகு என்று தெரிந்து, அவனோடு பேசிக்கொண்டிருக்கும் பெரியவர் பென் முகம் மாறுவதாக. சந்தையில் கிராக்கி பிடிக்க வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிற ஓர் ஆள் அந்த ஒரு வரியில் கண்முன் நிற்கிறான். கருந்துளைகளைக் கொண்டுவந்து அவனை உத்தமனாக்கியதில் அந்த ஆள் காணாமல் போய்விட்டான். எனக்கு அந்தப் புளுகன்தான் வேண்டும்.

‘ஸ்டார் ட்ரெக்’கில் வரும் கிளிங்கான்கள் என்ற வேற்றுலக இனத்தின் விஷயமும் இதே ஜாதி. 1960-களில் தொலைக்காட்சியில் வந்த கிளிங்கான்களுக்கு நம்மைப் போல் வழவழ நெற்றி. 1979-இல் திரைப்படம் எடுத்தபோது ஒப்பனைக்குக் காசும் வசதியும் வந்தன. நெற்றியில் எலும்பு மேடு வந்துவிட்டது. 1996-இல் ஓர் அத்தியாயத்தில் புதுக் கிளிங்கான் ஒருவன் பழைய காலத்துக்கே போய்த் தன் முன்னோரைப் பார்க்கிறான். கூட இருப்பவர்கள் நெற்றி மாறிய காரணம் கேட்க, இதை நாங்கள் வெளியாரிடம் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறான். என்ன அருமையான பதில்! 2005-இல் வேறொரு தொடர் இரண்டு அத்தியாயம் செலவழித்து, மரபணு, கிருமி என்று விளக்கியது. விளக்கம் சரியாகவே இருந்தது. நினைவில் நின்றது 1996-இன் அந்த மௌனம்தான்.

இனி நான் மிகவும் நேசிக்கும் கதை. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். லாரி நிவன் என்ற அமெரிக்கர் 1970-இல் ‘ரிங்வேர்ல்டு’ என்றொரு நாவல் எழுதினார். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன். அதைச் சுற்றி வளையல் போல ஒரு மாபெரும் வளையம். விண்மீனுக்கும் வளையத்துக்கும் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர், அதாவது நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். வளையத்தின் உள்பரப்பில் மலை, கடல், ஊர், மக்கள். அங்கே மனிதன் காலூன்றி நிற்க எடை வேண்டுமே? வளையத்தைச் சுழற்றிவிட்டார் நிவன். விநாடிக்கு 1,200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வேகம்.

இது சரியா என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் இயற்பியல் புத்தகத்தில் இருக்கும் சூத்திரம். 1,200-ஐ 1,200-ஆல் பெருக்கினால் 14,40,000. அதை 15 கோடியால் வகுத்தால் 0.0096. மீட்டராக்கினால் விநாடி வர்க்கத்துக்கு 9.6. பூமியில் நமக்குக் கிடைப்பது 9.8. எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! நிவன் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்டவரே முதல் பக்கங்களில் சறுக்கினார். தன் பிறந்தநாள் முடியக்கூடாது என்று கதாநாயகன் ஊர் ஊராக நொடியில் தாவிக்கொண்டே போகிறான். நாளை நீட்ட வேண்டுமானால் மேற்கே போக வேண்டும்; முதல் பதிப்பில் அவன் கிழக்கே போகிறான். வாசகர்கள் சுட்டிக்காட்ட, அடுத்த பதிப்பில் திசை மாறியது. இது சின்னது. பெரியது பின்னால் வந்தது. 1971-இல் பாஸ்டனில் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தபோது, எம்.ஐ.டி. மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்து, ரிங்வேர்ல்டு நிலையற்றது, நிலையற்றது என்று கோஷம் போட்டார்கள்.

என்ன நிலையற்ற தன்மை? ஒரு திடமான வளையத்தின் நடுவில் விண்மீன் இருக்கிறது. வளையம் மயிரிழை நகர்ந்தாலும் விண்மீனுக்கு அருகில் வந்துவிட்ட பக்கம் இன்னும் பலமாக இழுபடும். இழுபட்டால் இன்னும் நகரும். பழைய இடத்துக்குத் திருப்பிவிட ஒரு விசையும் கிடையாது. கடைசியில் மோதித் தொலையும். கோஷம் போட்ட பிள்ளைகள் சொன்னது பழைய அறிவியல்தான். சனிக்கோளின் வளையம் ஒரே திடப்பொருளாக இருக்க முடியாது, தனித்தனித் துகள்களாகத்தான் இருக்க வேண்டும் என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1850-களிலேயே கணக்கால் நிறுவியிருந்தார்.

நிவன் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னர் ‘ரிங்வேர்ல்டு இஞ்சினியர்ஸ்’ என்று தொடர்ச்சி எழுதினார். வளையத்தின் விளிம்புச் சுவர்களில் பெரிய உந்திகள் வைத்திருந்தார்கள், அவைதான் வளையத்தை நடுவில் நிறுத்திவைத்தன, இப்போது அவற்றில் பெரும்பாலானவை இல்லை, அதனால் அந்த உலகமே ஆபத்தில் இருக்கிறது என்று கதையை நகர்த்தினார். வாசகன் கண்ட ஓட்டையே அடுத்த நாவலின் கருவானது. எழுதியவருக்கும் படித்தவருக்கும் இடையே இதைவிடக் கௌரவமான ஓர் உரையாடலை நான் கண்டதில்லை.

வளையம் என்றதும் உங்கள் பக்கத்து மலை நினைவுக்கு வருகிறது. இங்கிருந்து வடக்கே இறங்கித் தென்பெண்ணையைத் தாண்டினால் ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் குறுக்கே வரும் என்று கணித்திருந்தார்கள். காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி அதைக் குறிபார்த்து நின்றது. கோள் மறைக்கும் என்று எதிர்பார்த்த நேரத்துக்கு முன்னாலேயே விண்மீன் ஒளி சட்டென்று மங்கி மீண்டது. வானியல் எழுதிவைத்த கதையில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. ஜே.சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி இருவரும் அதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டபோது யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருக்கலாம் என்றார்கள். நல்ல தியரி. ஆனால் அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு, கோளின் இருபுறமும் பல மங்கல்கள் கிடைத்தன. ஒரு பக்கத்து மங்கல்களுக்கு மறுபக்கத்தில் சரியான ஜோடி. துணைக்கோள்கள் அப்படி அணிவகுத்து நிற்காது. வளையங்களால்தான் முடியும். யுரேனஸுக்கு வளையம் இருப்பது உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான். காவலூரின் பதிவும் அதற்குச் சாட்சியாயிற்று.

ஃபேன் தியரிக்கும் அறிவியலுக்கும் என்ன உறவு என்று கேட்டால், யுரேனஸ் கதையையே இன்னும் பின்னால் போய்ப் பார்க்கலாம். நியூட்டன் சொன்ன பாதையில் யுரேனஸ் போகவில்லை; இடித்தது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுக்கிறது என்று பிரான்ஸின் லெவெரியே கணித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் தேடினார்கள். சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. பிறகு புதன் கோளின் பாதையும் இடித்தது. அதே லெவெரியே அதே மருந்தைக் கொடுத்தார்: சூரியனுக்கு அருகில் வல்கன் என்று ஒரு கோள். பலர் தேடினார்கள், சிலர் கண்டதாகவும் சொன்னார்கள். அப்படி ஒரு கோள் கிடையாது. 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு பற்றிய அடிப்படையையே மாற்றி எழுதியபோதுதான் புதன் சரியானது. நெப்டியூனில் ஜெயித்த தியரி வல்கனில் தோற்றது. தோற்க முடிந்ததே அதன் பெருமை. எங்கே பார்க்க வேண்டும் என்று அது வாய்விட்டுச் சொன்னது.

இதனால்தான் தம்பிகளே, “எல்லாம் கனவு”, “அது வேற யுனிவர்ஸ்” என்ற இரண்டு தியரிகளோடும் எனக்குத் தீராத சண்டை. எந்தக் கதையில் எது இடித்தாலும் இவை பொருந்தும்; தோற்கவே முடியாது. தோற்க முடிகிற தியரிக்கு ஓர் உதாரணம் பாருங்கள். 2015-இல் வந்த ‘இன்று நேற்று நாளை’ படத்தில், கால இயந்திரத்தை வைத்து நண்பர்கள் செய்யும் குளறுபடியால், செத்திருக்க வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான். நிகழ்காலமே மாறிவிடுகிறது. மாறிய உலகில் எல்லோருக்கும் புதுக் கதைதான் தெரியும். இவர்களுக்கு மட்டும் பழைய கதை எப்படி நினைவிருக்கிறது? “இயந்திரத்தில் ஏறியவனை அந்த மாற்றம் தொடாது” என்று சொல்லிப் பாருங்கள். உடனே அதைப் படத்தோடு ஒட்டிச் சோதிக்கலாம்: ஏறாதவர் யாருக்காவது பழைய நினைவு இருக்கிறதா? ஏறியவர் யாராவது மறந்தாரா? காட்சி காட்சியாகத் திரும்பப் பார்க்க வைக்கிறது அந்தத் தியரி. “வேற யுனிவர்ஸ்” எதையும் பார்க்க வைக்காது.

தமிழில் இப்படித் துருவுவதற்கு நாம் புதிதாகப் பழக வேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரை கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் தொடராக வந்தது. முடிந்த பிறகு, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்க, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் கை என்பதை மட்டும் அவர் இருட்டிலேயே விட்டார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று பெயர்களைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. எழுபது ஆண்டாகத் தமிழர்கள் அந்த இருட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள். நாவலைப் படித்துவிட்டு, உடையார்குடி இருக்கும் காட்டுமன்னார்கோயிலுக்குப் பேருந்து ஏறிக் கல்வெட்டைப் பார்க்கப் போனவர்கள் உண்டு. ஓர் ஓட்டை இதைச் செய்கிறதென்றால் அதை ஏன் குறை என்று சொல்ல வேண்டும்?

கடைசியாக உங்கள் மலைக்கு வருகிறேன். இதைத் தயங்கித்தான் பேசுகிறேன், ஏனென்றால் கதை உங்களுடையது. இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரான உங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகவும், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் பிரிந்து மலையேறியதாகவும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறீர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் இது பதிவாகியிருக்கிறது. அங்கே ஒரு வடிவத்தில் மூத்தவர் சேர்வராயனுக்கும், அடுத்தவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் போகிறார்கள். அதே நூலில் கரிராமன் சாமியோடு சேர்த்துச் சொல்லும் இன்னொரு வடிவத்தில் நடுவண்ணன் போவது பச்சைமலைக்கு. முதல் வடிவத்தைக் கவனியுங்கள். மூன்று அண்ணன்மாருக்கும் மூன்று மலை கொடுத்தாயிற்று. கல்வராயனுக்கு வந்தது யார்?

இந்த இடம் எனக்கு இடிக்கிறது. ஆனால் இதற்குத் தியரி கட்ட நான் யார்? கீழே சமவெளியில் உட்கார்ந்து நான் கட்டினால் அது வல்கன் கோள் போல ஆகிவிடும். தர்ஸ்டனுக்குச் சொன்னவர் எந்த மலைக்காரரோ, அவர் தன் மலையை வைத்துச் சொல்லியிருக்கலாம். இங்கே திருவிழாவிலும் சாவு வீட்டிலும் சொல்லும் கதையில் விடை இருக்கலாம், அல்லது வேறொரு கேள்வி இருக்கலாம். உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். யார் சொன்னது, எந்த ஊர் என்று மேலே குறியுங்கள். பக்கத்து ஊர்த் தாத்தா வேறு மாதிரி சொன்னால் அதையும் தனித் தாளில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இடித்தால் தயவுசெய்து எதையும் திருத்தாதீர்கள். இரண்டு தாளையும் சேர்த்துத் தைத்து உங்கள் பள்ளி நூலகத்தில் வையுங்கள். நான் அடுத்த முறை வரும்போது முதலில் அதைத்தான் கேட்பேன்.